பாம்பு விஷத்தை மடக்கிப் பிடிக்கும் குட்டிப் புரதம்!

நல்ல பாம்பின் விஷம் ஏறினால் கண் இமை சரியும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சே நின்றுவிடும். முக்கியக் காரணம், அதிலுள்ள 'மூன்று விரல்' நச்சு. வடிவத்தால் வந்த பெயர்! நரம்பு அனுப்பும் கட்டளையைத் தசை வாங்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூளை 'மூச்சு விடு' என்று சொன்னாலும் தசைக்குப் போய்ச் சேராது.

இப்போதுள்ள விஷமுறிவு மருந்து, குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது. வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவு சங்கத்தினர் பாம்பிடமிருந்து விஷம் எடுத்துத் தருவது இதற்குத்தான். உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் சிலருக்குக் கடும் அலர்ஜி வரும். நூறாண்டு தாண்டியும் இதே முறை!

2025 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு வேறு வழி சொல்கிறது. 2024-ல் வேதியியல் நோபல் பெற்ற அமெரிக்க விஞ்ஞானி டேவிட் பேக்கரின் குழு, டென்மார்க் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, இயற்கையில் இல்லாத குட்டிப் புரதங்களை ஏ.ஐ. உதவியுடன் வடிவமைத்தது. நச்சு தசையைத் தொடும் முன்பே இவை அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அளவைப் பொறுத்து 80 முதல் 100 சதவிகித எலிகள் பிழைத்தன. இந்தப் புரதங்களை பாக்டீரியாவை வைத்தே தயாரிக்கலாம், குதிரை தேவையில்லை.

ஆனால், இது எலிகளில் கிடைத்த வெற்றி மட்டுமே. தவிர, இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் இறக்கிறார்கள். அதிகம் கொல்வது கண்ணாடி விரியன். அதன் விஷம் பெரும்பாலும் ரத்தத்தைத் தாக்குவது. அதற்குத் தனிப் புரதங்கள் வேண்டும். இப்போதைக்கு, பாம்பு கடித்தால் கயிறு கட்டாமல், கீறிவிடாமல், உடனே 108-ஐ அழையுங்கள்.