ஆகாயத்து உபாத்தியாயர்கள்

"வேறு உத்தியோகம் கிடைக்கும் வரையில் உபாத்தியாயராக இருப்போம்" என்னும் எண்ணம் நம் பள்ளிக்கூடங்களை மட்டும் பிடித்த வியாதி அன்று. விமானம் ஓட்டக் கற்பிக்கும் பள்ளிகளையும் அது விட்டு வைக்கவில்லை. அமெரிக்காவில், கம்பெனி விமானத்தில் துணை விமானியாக அமர்வதற்குப் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டில் விதி வந்தது. அந்த நேரத்தைச் சேர்ப்பதற்காகவே அங்கே பல யுவர்கள் உபாத்தியாயர்களாகிறார்கள். நம் தேசத்தில் 200 மணி நேரம் பறந்தவர் தொழில்முறை லைசென்ஸ் பெறலாம். அதன் பிறகு கம்பெனிக் கதவு திறக்காதவர்களில் சிலர் கற்பிக்க வருகிறார்கள். வருவதில் குற்றமில்லை, வந்த பின்பும் வாசலையே பார்த்துக் கொண்டிருப்பதுதான் குற்றம்.

இதன் விளைவை முதல் உலக யுத்தம் காட்டிற்று. களைத்துப்போன விமானிகளை ஓய்வுக்காகக் கற்பிக்க அனுப்பிய பிரிட்டிஷ் விமானப் படையில், அரைகுறையாகக் கற்ற பிள்ளைகள் போர்முனைக்குப் போய் மாண்டார்கள். 1917-இல் காஸ்போர்ட் என்னும் ஊரில் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி இந்த முறையை மாற்றினார். உபாத்தியாயருக்கே முதலில் பாடம் சொன்னார். ஆபத்தான நிலைகளை ஒளித்து வைக்காமல், வேண்டுமென்றே உண்டாக்கி, மீளும் வழியைக் கற்பித்தார். முன்னும் பின்னும் அமர்ந்த இருவரும் பேசிக்கொள்ள ஒரு குழாயும் வைத்தார். இன்றைய விமானக் கல்விக்கு அஸ்திவாரம் அதுதான்.

1949-இல் பெங்களூர்ப் பயிற்சிப் பள்ளியில் தேறிய ஸ்ரீமதி உஷா சுந்தரம், 1951-இல் கணவருடன் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் விமானம் ஓட்டி வந்தார். அத்தகைய கீர்த்திக்குப் பின்னால் பெயர் தெரியாத உபாத்தியாயரின் பொறுமை இருப்பதை நாம் மறந்து விடுகிறோம்.

புதிதாக வேலை தேடும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். முதலில் கிடைப்பது உதவி உபாத்தியாயர் தகுதியே; மூத்தவர் மேற்பார்வையில்தான் கற்பிக்க வேண்டும். ஆகவே சம்பளத்தைக் கேட்பதற்கு முன் அந்த மூத்தவர் யார் என்று கேளுங்கள். விண்ணப்பத்தைத் தபாலில் போட்டுவிட்டுக் காத்திராமல் நேரில் போங்கள். கொட்டகையில் எத்தனை விமானங்கள் நிற்கின்றன, அவற்றில் எத்தனை உண்மையில் பறக்கின்றன, பழுது பார்க்கும் என்ஜினீயர் உண்டா, ஓர் உபாத்தியாயருக்கு எத்தனை மாணவர்கள் என்று கண்ணால் பாருங்கள். கூலி மாதக் கணக்கா, பறந்த மணிக் கணக்கா? மணிக் கணக்கானால் மழைக்காலத்தில் அடுப்பு எரிவது எப்படி? இத்தனை ஆண்டு விலகக் கூடாது என்னும் ஒப்பந்தம் இருந்தால் கையெழுத்திடுமுன் இருமுறை படியுங்கள்.

உங்களை ஒரு பாடம் நடத்தச் சொல்வார்கள். விமானம் ஏன் திடீரென்று தாங்கும் சக்தியை இழக்கிறது என்று கேட்டால், "வேகம் குறைந்ததால்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவுக்கு மேல் மிகும்போது, காற்று இறக்கையை விட்டுப் பிரிகிறது என்பதை உள்ளங்கையைச் சாய்த்தே காட்டலாம். வீட்டில் தமிழில் சொல்லிப் பழகுங்கள். தாய்மொழியில் விளக்க முடியாதது நமக்கே விளங்காதது.

காஞ்சியில் கோர்வைச் சேலை நெய்யும்போது, தறியின் மறு பக்கத்திலிருந்து கரைக்கான நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். பெரும்பாலும் அது தொழில் பழகும் பிள்ளையின் கை. ஒவ்வொரு தடவையும் நெசவாளர் நாடாவைப் பிடுங்கிக் கொண்டால் பையன் கற்பதில்லை. கவனியாது விட்டால் சேலை பாழ். விமானத்திலும் இரட்டைப் பிடிகள் உள்ளன. எப்பொழுது கையை எடுப்பது, எப்பொழுது வைப்பது என்பதே இந்த வித்தையின் சாரம். இங்கே பாழாவது பட்டு அன்று, உயிர்.

நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் உண்டு. மேகம் கறுத்த நாளில், முதலாளி கடிந்தாலும் மாணவன் முகம் வாடினாலும், "இன்று பறக்க வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்குத் தைரியம் வேண்டும். அந்த வார்த்தையை மதிக்கும் பள்ளியில் சம்பளம் சற்றுக் குறைந்தாலும் சேருங்கள். மதியாத பள்ளி எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம்.