முதல் அம்புக்கு முன் நடந்தது என்ன? அபர்தீன் போரும் தற்காப்பு என்னும் அளவுகோலும்

ஒரு போரில் முதலில் தாக்கியவர் யார் என்னும் வினாவுக்கான விடை, கணக்கை எந்த நாளிலிருந்து தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது. 1859 மே மாதத்தில் போர்ட் பிளேரில் நிகழ்ந்த அபர்தீன் போர் இதற்குத் தக்க சான்று.

கிரேட் அந்தமானியப் பழங்குடியினர் வில்லும் அம்பும் ஏந்திப் பெருந்திரளாக வந்து, பிரிட்டிஷாரின் தண்டனைக் குடியேற்றத்தைத் தாக்கினர். தூத்நாத் திவாரி என்னும் கைதி, சிறைப்பட்ட சில வாரங்களிலேயே தப்பியோடி, ஓராண்டுக்கு மேலாக அவர்களோடு வாழ்ந்தவர். அவர் திரும்பி வந்து முன்னெச்சரிக்கை செய்ததால் காவற்படை ஆயத்தமாக இருந்தது. துப்பாக்கிகளின் முன் அம்புகள் தோற்றன. திவாரிக்கு 1860இல் தண்டனை மன்னிப்புக் கிடைத்தது.

1859 மே மாதத்திலிருந்து கணக்கிட்டால், தாக்கியவர்கள் அந்தமானியர்களே. ஆனால் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளுடன் வந்திறங்கிய 1858 மார்ச் 10ஆம் நாளிலிருந்து கணக்கிட்டால் காட்சி தலைகீழாகிறது. அன்று முதல் காடு நாள்தோறும் வெட்டப்பட்டது. பன்றி வேட்டைக்குக் காட்டையும், மீனுக்கும் ஆமைக்கும் சிப்பிக்கும் கரையையும் நம்பி வாழ்ந்தவர்களுக்கு, விழுந்த ஒவ்வொரு மரமும் ஓர் ஆக்கிரமிப்பே. அம்பு பறப்பதற்கு ஓராண்டு முன்னரே கோடரி விழுந்துவிட்டது.

தற்காப்புக்கான சட்ட அளவுகோலும் ஏறத்தாழ அக்காலத்தில்தான் உருவாகியிருந்தது. 1837 டிசம்பரில், கனடாவின் கிளர்ச்சியாளர்களுக்கு உதவிய ‘கரோலின்’ என்னும் நீராவிக் கப்பலை, அமெரிக்கக் கரைக்கே சென்று பிரிட்டிஷ் படை எரித்தது. அதைத் தற்காப்பு என்று பிரிட்டன் வாதிட்டது. அதற்கு விடையளித்த அமெரிக்க வெளியுறவுச் செயலர் டேனியல் வெப்ஸ்டர், ஆபத்து உடனடியானதாகவும், வேறு வழியற்றதாகவும், பதிலடி அளவுக்கு மீறாததாகவும் இருக்க வேண்டும் என வரையறுத்தார். முந்திக்கொண்டு தாக்குவதைப் பற்றிய விவாதங்களில் இன்றும் இவ்வரையறையே எடுத்தாளப்படுகிறது.

இந்த அளவுகோலை அபர்தீனில் வைத்துப் பார்க்கலாம். ஆபத்து வரவிருந்தது அன்று. ஏற்கெனவே வந்து வேரூன்றியிருந்தது. முறையிட ஒரு மன்றமோ, பேசுவதற்குப் பொதுமொழியோ அவர்களுக்கு இல்லை. அளவைப் பொறுத்தவரை, அதற்கு முந்தைய ஏப்ரல் மாதத் தாக்குதல்களைப் பற்றிய பிரிட்டிஷ் பதிவுகளே கவனத்துக்குரியவை. விலங்கிடப்பட்ட கைதிகளை விட்டுவிட்டு, அடையாளப் பட்டை அணிந்த மேற்பார்வையாளர்களையே அந்தமானியர்கள் குறிவைத்ததாக அவை கூறுகின்றன. ஆளுபவர் யார், ஆளப்படுபவர் யார் என்பதை அவர்கள் பிரித்தறிந்திருந்தனர்.

இங்கே எழும் வலுவான மறுப்பு ஒன்றுண்டு. கோடரி பிடித்த கைகள் கைதிகளுடையவை. 1857 எழுச்சியில் பிடிபட்டு, தம் விருப்பமின்றிக் கடல் கடத்தப்பட்டவர்கள் அவர்களுள் பலர். அவர்களுடைய சாவும் அநீதியே. அதை மறைத்து அபர்தீனைப் புகழ்வது நேர்மையாகாது. எனினும் அந்த அநீதியின் பொறுப்பு, கைதிகளைக் கேடயமாக முன்னிறுத்திக் காட்டை அழித்த அரசைச் சேர்ந்தது. ஆக்கிரமிப்பாளன் தன் கையால் மரம் வெட்டாததாலேயே ஆக்கிரமிப்பு இல்லையென்றாகிவிடாது.

இதே காரணத்தால், அபர்தீனை இந்திய விடுதலைப் போரின் ஓர் அத்தியாயமாகச் சுருக்குவதும் பொருந்தாது. அம்மக்கள் எதிர்த்து நின்றவர்களுள் இந்தியக் கைதிகளும் இருந்தனர். அவர்கள் காத்தது இந்தியாவை அன்று. தம் காட்டையும் கரையையும். போர்ட் பிளேரின் நினைவுச்சின்னத்தில் ஆண்டுதோறும் மே 17 அன்று செலுத்தப்படும் மரியாதை, இந்த வேறுபாட்டை ஏற்கும்போதுதான் முழுமை பெறும்.

வாதத்துக்கு இறுதிச் சான்று மக்கள்தொகைக் கணக்கில் இருக்கிறது. குடியேற்றத்தின் தொடக்கத்தில் சில ஆயிரம் பேராக மதிப்பிடப்பட்ட கிரேட் அந்தமானியர், 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். 1877இல் பரவிய தட்டம்மை உள்ளிட்ட நோய்கள் அவர்களை வாரிக்கொண்டு போயின. போ மொழியின் கடைசிப் பேச்சாளரான மூத்த போவா 2010இல் மறைந்தார். அன்று அவர்கள் அஞ்சியது வீண் அச்சமன்று என்பதை அடுத்த நூறாண்டு மெய்ப்பித்துவிட்டது.

வட சென்டினல் தீவில் அந்நியர் கால்வைத்து அம்பு பறக்கும் போதெல்லாம், ‘கொடூரத் தாக்குதல்’ என்ற சொல் செய்திகளில் முந்திக்கொண்டு வருகிறது. அம்பு எப்போது எய்யப்பட்டது என்று கேட்கும் முன், படகு எப்போது கரையேறியது என்று கேட்பதே முறை.