சபைக்கு ஏசுறதுக்கு முன்னால பேக்கைத் திறந்து பாருங்க



இரண்டு கிழமையாக நம்மூர் முகநூல் பக்கங்களில் ஒரே படம்தான். சந்தியில் குப்பைக் குவியல், மேலே காகம், பக்கத்தில் நாய். அதுக்குக் கீழே வரிசையாகச் சபைக்கு ஏச்சு. ஏசுங்கள், தப்பில்லை. வரி கட்டுகிறோம், கேட்க உரிமை இருக்கு. ஆனால் அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். சொப்பிங் பேக்குக்குள் என்ன இருக்கு? மிஞ்சின சோறு, மரக்கறித் தோல், தேங்காய்ப்பூச் சக்கை, தேயிலைச் சாயம், வளவு கூட்டி அள்ளிய மாவிலை. இதில் சபை வந்து எடுக்க வேண்டியது அந்தப் பேக் மட்டும்தான்.

டிரக்டர் வந்து அள்ளிப்போனால் பிரச்சினை முடிந்தது என்று நினைக்கிறோம். எங்கே போகுது? நமது கரையோர ஊர்களின் குப்பை அஷ்ரப் நகர்ப் பக்கம் பள்ளக்காட்டில் கொட்டப்படுவது எல்லாருக்கும் தெரியும். அங்கே பிளாஸ்டிக் தின்று 8 வருடத்தில் 20 அளவில் யானைகள் செத்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்திகளில் வந்தது. வெட்டிப் பார்த்த வயிற்றுக்குள் பொலித்தீன். யானை பொலித்தீனுக்கு ஆசைப்பட்டா வருது? உள்ளே நாம் முடிச்சுப் போட்டுக் கட்டிய சோற்று வாசத்துக்கு வருது. சோற்றையும் பேக்கையும் ஒன்றாக அனுப்புகிற ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் பங்கிருக்கு. மீத்தொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14 குப்பை மலை சரிந்து 30 பேருக்கு மேல் மௌத்தானபோது கொழும்பைத் திட்டினோம். அதே வேலையைத்தான் இங்கேயும் செய்கிறோம்.

கணக்கும் பெரிதில்லை. ஒரு வீட்டில் நாளைக்கு ஒரு கிலோ குசினிக் கழிவு என்று வையுங்கள். 300 வீடுள்ள ஒரு வட்டாரத்தில் மாதம் 9 தொன். அத்தனையும் வீட்டிலேயே பசளையாகிவிடும்.

"ஆறு பேர்ச் வளவு, எங்கே சேர் கொம்போஸ்ட் போடுறது?" என்று கேட்கிறார்கள். குழி வெட்டச் சொல்லவில்லை. நமது மணலில் மாரி வந்தால் குழிக்குள் தண்ணி ஊறிவிடும், அது சரிவராது. ஒரு பழைய பெரல் போதும். அடியை வெட்டி எடுத்துவிட்டு, பக்கமெல்லாம் பெருவிரல் அளவு ஓட்டை போட்டு, நிழலில் மண்ணின் மேல் வையுங்கள். எலி வரும் என்பது உண்மை, அதனால் அடியில் கம்பி வலை விரியுங்கள். மழைக்கும் காகத்துக்கும் மூடி வேணும்.

நாறுது என்பது அடுத்த சாட்டு. ஈரத்தை மட்டும் போட்டால் நாறத்தான் செய்யும். ஒரு வாளி குசினிக் கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த இலை, அல்லது மரத்தூள். காய்ந்தது மேலே மூடியிருந்தால் இலையானும் வராது. கிழமைக்கு ஒரு தரம் தடியால் கிளறுங்கள், காற்று போகட்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும், அவ்வளவுதான் ஈரம். மீன் குடல், இறைச்சி, எண்ணெய்க் கறி பெரலுக்குள் வேண்டாம். அவற்றைத் தென்னையடியில் ஆழமாகப் புதைக்கலாம், நமது மூத்தம்மாக்கள் செய்ததுதான். மூன்று மாதமளவில் கறுப்பாக, மழை நனைந்த மண் வாசத்தோடு பசளை வரும். தண்ணி நிற்காத நமது மணலுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

"சேதனப் பசளைக் கதையை 2021லேயே பார்த்துட்டோம்" என்று சிலர் சிரிக்கிறார்கள். அந்த வருடம் இரசாயனப் பசளையை ஒரே இரவில் நிறுத்தி வயற்காரன் வயிற்றில் அடித்தார்கள், அது அநியாயம். போடியாரின் வயலும் உங்கள் வீட்டுக் கத்தரிக் கன்றும் ஒன்றா? அரசாங்கம் செய்த மடத்தனத்துக்கு உங்கள் குசினித் தோல் என்ன பாவம் செய்தது?

சபைக்காரர்களும் தப்ப முடியாது. பிரித்துத் தாருங்கள் என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள். சனம் பிரித்துக் கொடுத்தால் இரண்டையும் ஒரே பெட்டியில் கொட்டி மிதிப்பார்கள். பார்த்த சனம் அடுத்த கிழமை பிரிக்குமா? சேதனம் ஒரு நாள், மற்றது ஒரு நாள் என்று டிரக்டரைப் பிரித்து அனுப்ப என்ன செலவு? கொம்போஸ்ட் பீப்பா கொடுத்துப் படம் எடுத்தவர்கள், அதை எப்படிப் பாவிப்பது என்று யாருக்காவது காட்டிக் கொடுத்தார்களா? இன்று பல வீடுகளில் அதுக்குள் தேங்காய் கிடக்கு.

கலியாணச் சாப்பாட்டுக் கழிவை இரவோடிரவாக் கடற்கரையில் கொட்டுகிறவர்கள் பற்றித் தனியாக எழுதுவேன். அது இந்தப் பதிவில் அடங்காது.

இப்போதைக்கு, பெரல் இருந்தும் வெட்ட, ஓட்டை போட மெஷின் இல்லாதவர்கள் கொமென்டில் சொல்லுங்கள். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வருகிறேன். காய்ந்த இலையை மட்டும் எரிக்காமல் சேர்த்து வையுங்கள்.