குளிசையில் வருமா பலம்?

பந்து விளையாடும் மகனும், காலையில் ஓடப் போகும் கணவரும் உள்ள வீடுகளில் இப்போது புதிதாக ஒரு போத்தல் இடம் பிடித்து வருகிறது. விற்றமின் சி, விற்றமின் ஈ, 'அன்டிஒக்சிடன்ட்' என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கொண்டு வந்து கொடுப்பார். இல்லையேல் ஜிம்மில் யாராவது வாங்கச் சொல்வார்கள். காசு கொடுப்பதும், தினமும் நினைவுபடுத்திக் கொடுப்பதும் பெரும்பாலும் நீங்கள்தான். எனவே அந்தப் போத்தலைப் பற்றி நீங்கள் தெரிந்திருப்பது நல்லது.

நாம் ஓடும்போதும் பாரம் தூக்கும்போதும் தசைகள் ஒட்சிசனை அதிகம் பயன்படுத்துகின்றன. அடுப்பு எரியும்போது புகை வருவது போல, அப்போது சில தீவிரமான துணிக்கைகள் உடலில் உண்டாகின்றன. அவை தசைக்குக் கெடுதி, விற்றமின் சி, ஈ என்பன அவற்றை அடக்கிவிடும், ஆகவே களைப்புக் குறைந்து பலம் கூடும் என்றுதான் முன்பு எண்ணினார்கள். கேட்க நியாயமாகவே இருக்கிறது.

ஆனால் பரிசோதித்துப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. ஜேர்மனியில் சுமார் 40 இளைஞர்களை வாரத்தில் ஐந்து நாட்களாக நான்கு வாரங்கள் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் விற்றமின் சியும் 400 அலகு விற்றமின் ஈயும் கொடுத்தார்கள். 2009இல் முடிவு வெளியானது. குளிசை குடிக்காதவர்களின் உடலில் இன்சுலின் முன்னரை விட நன்றாக வேலை செய்தது. குடித்தவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை! சீனி வருத்தம் பரம்பரையாக வரும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

காரணம் என்ன? அந்தத் துணிக்கைகள் வெறும் புகை அல்ல. அவை உடலுக்கு ஓர் அறிவித்தல். "வேலை கூடிவிட்டது, உன்னைப் பலப்படுத்திக்கொள்" என்று தசைக்குச் சொல்கின்றன. உடலும் தன் சொந்தப் பாதுகாப்பை வளர்த்துக்கொள்கிறது. அளவுக்கு மிஞ்சிய விற்றமின் அந்த அறிவித்தலை அமுக்கிவிடுகிறது.

நோர்வேயில் 54 ஆண், பெண்களை 11 வாரம் பயிற்றுவித்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஓடும் திறன் இரு சாராருக்கும் ஒரே மாதிரியே கூடியது. ஆனால் தசைக்குள் சக்தியை உண்டாக்கும் பகுதிகள் பெருகியதற்கான அடையாளம், குளிசை குடிக்காதவர்களிடமே தெரிந்தது. பயிற்சிக்குப் பின் வரும் உடல் நோவுக்காவது உதவுமா? 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு மீளாய்வு, சொல்லத்தக்க பலன் இல்லை என்றே கூறியது.

கணவர் சிகரெட் குடிப்பவரா? இன்னும் கவனம் தேவை. பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் பங்குபற்றிய ஆய்வு 1994இல் வெளியானது. அதில் பீற்றா கரோட்டின் குளிசை குடித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. அமெரிக்காவில் தினமும் 400 அலகு விற்றமின் ஈ குடித்து வந்த ஆண்களிடம் புரஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாக இருந்ததாக 2011இல் அறிவித்தார்கள். விற்றமின் சி குளிசை குடிக்கும் ஆண்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்புக் கூடுவதாக 2013இல் சுவீடன் ஆய்வொன்று காட்டியது. இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர் விற்றமின் ஈயை அதிகமாக எடுத்தால் இரத்தக் கசிவு ஏற்படலாம். இன்னொன்று, விற்றமின் ஈ பெரும்பாலும் மென்மையான கூட்டுக்குள்ளேயே வருகிறது. அந்தக் கூடு எந்த ஜெலட்டினால் ஆனது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் விற்றமினே வேண்டாமா? வேண்டும். ஆனால் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்குத் தேவையான விற்றமின் சி 90 மில்லிகிராம் அளவுதான். நடுத்தர அளவிலான ஒரு கொய்யாப்பழமே அதைத் தந்துவிடும். பப்பாசி, தோடம்பழம், நெல்லிக்காய் என்பனவும் நல்லவை. ஒரு பிடி கச்சானில் விற்றமின் ஈ உண்டு. கீரையை அதிக நேரம் அவிக்க வேண்டாம். சுண்டலை இறக்கிய பின் தேசிக்காய்ப் புளி விடுங்கள். உணவிலிருந்து வரும் விற்றமினால் மேற்சொன்ன கெடுதிகள் வருவதில்லை.

ஒரு விடயத்தை மறந்துவிடாதீர்கள். இரத்தம் சோதித்து, குறைபாடு கண்டு டொக்டர் எழுதித் தந்த இரும்புச்சத்து, விற்றமின் டி, பி12 போன்றவற்றையும், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் போலிக் அசிட்டையும் இதை வாசித்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம். அவை மருந்து. நாம் பேசியது, குறை எதுவும் இல்லாதவர் பலம் வரும் என்று நம்பி விழுங்கும் குளிசையைப் பற்றி.

அடுத்த முறை மகன் போத்தலுக்குக் காசு கேட்டால் ஏசாதீர்கள். இந்த விபரத்தைச் சொல்லிக் கொடுங்கள். அந்தக் காசில் பழமும், முட்டையும், மீனும் வாங்குங்கள். நேரத்துக்கு உறங்கச் செய்யுங்கள். மகனுடைய பயிற்சியின் பலன் முழுமையாக மகனுக்கே கிடைக்கட்டும்.