சாரதியில்லா வாகனம் நம் மலைப்பாதைக்கு வருமா?

தானே வழியறிந்து ஓடும் மோட்டார் வாகனத்தை ஒரு காலத்தில் கதைகளில் மட்டுமே கண்டோம். இன்று அமெரிக்காவின் பீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ முதலிய நகரங்களில் வேமோ நிறுவனத்தின் வாடகைக் கார்கள், சாரதி ஆசனத்தில் எவருமின்றிப் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. “இவ்வாகனங்கள் வந்துவிட்டால் வீதி விபத்துகள் ஒழிந்துவிடும்” என்று சிலர் கூறுகின்றனர். இக்கூற்றில் பாதி உண்மை. மறுபாதி இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்பதே எனது கருத்தாகும்.

முதலில் உண்மையான பாதியைப் பார்ப்போம். 2025 மே 11ஆம் திகதி அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் கொத்மலை, கெரண்டி எல்லப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்தது. 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா, ரதல்லவில் பாடசாலை மாணவர்கள் சென்ற பஸ் ஒரு வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் 7 பேர் மாண்டனர். மலையகத்தில் வாழும் நமக்கு இவை வெறும் செய்திகள் அல்ல. நாம் நாள்தோறும் செல்வதும் இத்தகைய பாதைகளில்தான். மனிதன் களைப்படைவான், கண்ணயர்வான், முன்னே செல்லும் பஸ்ஸை முந்த நினைப்பான். இயந்திரத்துக்கு இக்குறைகள் இல்லை. தனது கார்கள் ஓடும் நகரங்களில், மனிதச் சாரதிகளோடு ஒப்பிடும்போது காயம் விளைவிக்கும் விபத்துகள் குறைவு என வேமோ வெளியிட்ட தரவுகளும் கூறுகின்றன.

அவ்வாறாயின் தடை எங்கே உள்ளது? சாரதியில்லா வாகனம் கமெரா, ராடர், லேசர் உணரி ஆகியவற்றால் சுற்றுப்புறத்தை அறிகிறது. செய்மதிச் சமிக்ஞையையும் முன்கூட்டியே தயாரித்த நுணுக்கமான வரைபடத்தையும் கொண்டு தான் நிற்கும் இடத்தைக் கணிக்கிறது. பின்னர் கணினி, முன்னே தெரிவது யாது, அது அடுத்து என்ன செய்யும் என ஊகித்து வேகத்தையும் திசையையும் தீர்மானிக்கிறது. இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் ஆபத்துதான்.

இத்துறையின் வரலாறே இதற்குச் சான்று. 2004இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி முகவரகம் பாலைவனத்தில் நடத்திய போட்டியில் ஒரு வாகனமேனும் எல்லையை அடையவில்லை. அதிக தூரம் சென்ற வாகனம் ஓடியது ஏறத்தாழ 12 கிலோமீற்றர் மட்டுமே. அடுத்த ஆண்டே 5 வாகனங்கள் முழுத் தூரத்தையும் கடந்தன. வளர்ச்சி வியப்புக்குரியது. ஆனால் பாலைவனத்தில் பாதசாரிகள் இல்லை.

2018 மார்ச் 18ஆம் திகதி இரவு, அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில் ஊபர் நிறுவனத்தின் பரிசோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த பெண் ஒருவரை மோதிக் கொன்றது. மோதலுக்கு 5.6 செக்கன்களுக்கு முன்னரே உணரிகள் அவரைக் கண்டுவிட்டன. எனினும் கணினி அவரை வாகனம் என்றும், வேறொரு பொருள் என்றும், சைக்கிள் என்றும் மாறி மாறிக் கருதியது. கடவையல்லாத இடத்திலும் மனிதர் வீதியைக் கடப்பர் என்பது அதற்குக் கற்பிக்கப்படவில்லை. கண்காணிக்க அமர்ந்திருந்தவரும் அவ்வேளை வீதியைப் பார்க்கவில்லை. நாள் முழுதும் தானே ஓடும் வாகனத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்படி மனிதரைப் பணித்தால் அவரது கவனம் சிதறும். இது தனிமனிதக் குறை மட்டுமன்று, அமைப்பின் குறையுமாகும்.

2023 ஒக்டோபர் 2ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் வேறொரு கார் மோதித் தூக்கியெறிந்த பெண்ணின்மீது குரூஸ் நிறுவனத்தின் சாரதியில்லாக் கார் ஏறியது. நின்ற கார், அடியில் ஒருவர் இருப்பதை அறியாமல் ஓரங்கட்ட முயன்று அவரை ஏறத்தாழ 6 மீற்றர் இழுத்துச் சென்றது. கலிபோர்னியா மாநிலம் அந்நிறுவனத்தின் அனுமதியை இடைநிறுத்தியது.

இனி நமது வீதியை எண்ணிப் பாருங்கள். கந்தப்பளையில் மூடுபனி இறங்கினால் சில மீற்றர்களுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. கமெராவின் நிலையும் அதுவே. பனியின் நீர்த்துளிகள் லேசர் ஒளியைச் சிதறடிக்கும். ராடர் பனியை ஊடுருவும். ஆனால் அது தரும் உருவம் தெளிவற்றது. ஒரு வளைவில் கொழுந்து லொறி வரும். அடுத்த வளைவில் தோட்டத் தொழிலாளர் வீதியோரமாக நடந்து வருவர். ஒடுங்கிய இடத்தில் யார் பின்வாங்குவது என்பதைச் சாரதிகள் ஹோர்ன் ஒலியாலும் கைச்சைகையாலும் பேசி முடிப்பர். இம்மொழியை எந்த மென்பொருளுக்கு யார் கற்பிப்பது? வரைபடத்தையும் நம்பியிருக்க இயலாது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது நுவரெலியா மாவட்டத்தில் மண்சரிவுகளால் பல வீதிகள் துண்டிக்கப்பட்டன. முன்தினம் வரைந்த வரைபடம் மறுநாள் பொய்யாகிவிடும்.

வேலைவாய்ப்பும் கவனத்துக்குரியது. சாரதிகளின் தொழில் பறிபோகும் என்பதால் இத்தகைய கார்களை இந்தியாவில் அனுமதிக்கப் போவதில்லை என, அந்நாட்டின் வீதிப் போக்குவரத்து அமைச்சராக இருந்து நிதின் கட்கரி 2023இல் கூறினார். அவரது அக்கறை நியாயமானதே. ஆயினும் பாதுகாப்பான வாகனம் ஒன்று உருவானால், தொழிலைக் காரணங்காட்டி உயிர்களைப் பலியிட இயலாது. எனவே அது பாதுகாப்பானதுதானா என்பதே முதற்கேள்வி. நமது வீதிகளைப் பொறுத்தவரை அதற்கு இன்னும் விடை இல்லை.

ஆகவே முழுமையான இயந்திரத்துக்காகக் காத்திருப்பது பேதைமை. அதன் நற்பண்புகளை இன்றே நமது பஸ்களுக்குள் கொண்டுவரலாம். உறங்காத இயந்திரம் இல்லாவிட்டாலும், உறங்கி எழுந்த சாரதியை ஆசனத்தில் அமர்த்தலாம். தடை ஏதும் எதிர்ப்பட்டால் தானே பிரேக் பிடிக்கும் கருவியும், சாரதி கண்ணயர்ந்தால் எச்சரிக்கும் கருவியும் உலகச் சந்தையில் உள்ளன. ஆசனப்பட்டிக்கும் பள்ளத்தோரப் பாதுகாப்பு வேலிக்கும் கணினியே தேவையில்லை. மாணவர்களே, நாளை உங்களுள் ஒருவர் மென்பொருள் எழுதும் பொறியியலாளர் ஆகலாம். அன்று மூடுபனியையும் கொழுந்துக் கூடையோடு வீதியைக் கடக்கும் தாயையும் அந்த இயந்திரத்துக்குக் கற்பியுங்கள். அதுவரை, பாதுகாப்பு வேலியையும் ஓய்வெடுத்த சாரதியையும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.