நடப்பதற்கு முந்தைய இரவு

வேளாங்கண்ணி தெற்கே இருக்கிறது. எங்கள் சித்தி போவதோ வடக்கே. ஆகஸ்ட் கடைசியில் காவிப் புடவை கட்டி, செங்கல்பட்டில் மின்சார ரயிலேறி, சைதாப்பேட்டையில் இறங்கி பஸ் பிடித்து பெசன்ட் நகர் போய்ச் சேருவாள். அங்கே ஓர் இரவு. விடிந்ததும் அங்கே கூடும் கூட்டத்தோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி கோவளம், மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் என்று முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் நடை. செப்டம்பர் 8 திருவிழாவுக்குள் போய்விட வேண்டும்.

சொந்த மாவட்டத்து வழியாகத்தானே திரும்பி நடக்கப் போகிறாய், மாமல்லபுரத்திலேயே சேர்ந்துகொண்டால் என்ன என்று கேட்டேன்.

"அந்த ஒரு ராத்திரிக்காகத்தான்டா போறது" என்றாள்.

என்ன இருக்கிறது அந்த ராத்திரியில்? கடற்கரை, பஜ்ஜிக் கடை, பலூன், மெழுகுவத்தி விற்கிற பிள்ளைகள், மைக் செட்டில் மாதா பாட்டு, நெருக்கியடிக்கிற ஜனம். யாரும் யாரையும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. நட்சத்திர விளக்கு கட்டிய சின்னத் தேர் ஒன்று நிற்கும். அதன் கயிற்றை சித்தி பிடிக்கலாம். ஊரில் திருவிழாத் தேர் எங்கள் தெருமுனை வரைக்கும் வந்து திரும்பிவிடும். கேட்டால் தெரு குறுகல் என்பார்கள். கயிற்றைத் தொடவும் உரிமையில்லை. உள்ளூரில் கிடைக்காத கயிறு நகரத்தில் கிடைக்கிறது. ஊர் ஊராகப் போய் இதைக் கேட்டால் இதே கதைதான் வரும். திருச்சி மேலப்புதூரில் கல்லறைக்கு நடுவே சுவரே இருக்கிறது. இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை 2016இல்தான் எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

நம் தோழர்கள் இந்த நடையை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். நானும் தள்ளியவன்தான். கால் கொப்புளத்துக்கு மருந்து தடவிக்கொண்டு அவள் வாங்குவது சாதியில்லாத பத்து நாள் என்பதைப் பார்க்கவில்லை. ஆனால் அது பத்து நாள்தான். நகரத்தின் அணைப்பையும் நம்ப முடியாது. அதே நகரம்தான் நம் சனத்தைக் குடிசையோடு பெயர்த்து கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொட்டியது.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு பாறையில் ஒரு பூனை கையுயர்த்தித் தவம் செய்யும். காலடியில் எலிகள். நடந்து களைத்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை ஞாபகத்துக்கு வருகிறது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதி இல்லை என்றது அது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தது. கிறித்தவ தலித்துக்கு மட்டும் இன்னும் தவக்கோலம் காட்டுகிறது.

அந்தச் சாலையிலிருந்து மேற்கே உள்ளடங்கி இருக்கிறது காரணை. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையால் நமக்குக் கிடைத்தது பஞ்சமி நிலம். பறிபோன அந்த நிலத்தைக் காரணை மக்கள் திருப்பிக் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. பெயர்களை மட்டும் பாருங்கள். துப்பாக்கி மதம் கேட்கவில்லை. ஆணைதான் கேட்கிறது.

மாதாவுக்கு நடக்கிற கால் இவர்களுக்கும் நடக்கட்டும் என்று, போன வருடம் சித்தியை அக்டோபர் 10 ஊர்வலத்துக்குக் கூட்டிப்போனேன். வந்தாள், கோஷம் போட்டாள். இந்த வருடமும் கூப்பிட்டேன்.

"வேளாங்கண்ணி வழியில ஊருக்கு ஊரு மோர் குடுக்கறான், காலப் புடிச்சிவுடறான். உங்க ஊர்வலத்துல மேடையேறின அத்தனை பேரும் ஆம்பள. வெயில்ல நின்ன எங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தீங்களா?"

கொடுக்கவில்லை.