தாதியர் தெய்வங்களல்லர்!

பெண்ணை அடக்கி வைக்க விரும்பிய சமூகம் முதலில் அவளைத் தெய்வமாக்கிற்று. தாயென்றது, தியாகியென்றது, பொறுமையில் பூமியென்றது. அவ்வாறு புகழ்ந்த வாயாலேயே, தெய்வத்துக்குச் சொத்து எதற்கு, படிப்பு எதற்கு, ஓய்வுதான் எதற்கு என்றும் கேட்டது. இந்தப் பழைய தந்திரம் இன்று வீட்டைக் கடந்து சர்க்கார் ஆஸ்பத்திரியின் வார்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. ஆண்டுதோறும் மே மாதம் 12-ஆம் தேதி உலகத் தாதியர் தினம் கொண்டாடுகிறோம். மேடை உண்டு, பூச்செண்டு உண்டு, "வெள்ளுடைத் தேவதைகளே" என்னும் விளிப்பும் உண்டு. மறுநாட் காலை 7 மணிக்கு அத்தேவதை வார்டுக்குள் நுழையும்போது, இருவர் பார்க்க வேண்டிய வேலை அவள் ஒருத்திக்காகக் காத்திருக்கிறது. இதைக் குறித்து மேடையில் பேசியவர் எவரும் வாய் திறப்பதில்லை.

அதனால்தான் கூறுகிறோம்: தாதியர் தெய்வங்களல்லர். பசிக்கும் வயிறும், வலிக்கும் காலும், வீட்டில் காத்திருக்கும் பிள்ளையும் உடைய தொழிலாளிகள் அவர்கள். தொழிலாளிக்குரிய நியாயத்தைக் கொடுக்க மனமில்லாதவர்களே தெய்வத்துக்குரிய பூவைத் தூவுகிறார்கள்.

தாதி வேலை இன்னதென்று அறியாதார் பலர். மலேசியாவின் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பொதுவாகக் காலை 7 முதல் பிற்பகல் 2 வரை ஒரு முறை, 2 முதல் இரவு 9 வரை மற்றொரு முறை, இரவு 9 முதல் மறுநாட் காலை 7 வரை மூன்றாவது முறை என வேலை பகுக்கப்படுகிறது. இரவு வேலை என்றால் முழுதாய்ப் பத்து மணி நேரம். மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, இரத்த அழுத்தம் பார்ப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, அசைய முடியாதவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, மலசலம் துடைப்பது, டாக்டர் வந்தால் உடன் செல்வது, வந்த உறவினருக்கு விடை சொல்வது, செய்த ஒவ்வொன்றையும் எழுதி வைப்பது ஆகிய அத்தனையும் அவள் கடமை. எழுதாமல் விட்டாலும் குற்றம். எழுதிக்கொண்டிருக்கையில் ஒரு நோயாளி அழைத்து உடனே போகாவிட்டாலும் குற்றம். வார்டில் ஆள் குறைந்தால் முதலில் போவது அவளுடைய சாப்பாட்டு நேரம்; அடுத்துப் போவது அவளுடைய விடுமுறை நாள்.

அண்மையில் உடல்நலமில்லாத அன்பர் ஒருவரைக் காண ஓர் ஆஸ்பத்திரிக்குச் சென்றிருந்தோம். பக்கத்துப் படுக்கையிலிருந்த பெரியவருக்கு வலி மருந்து வரத் தாமதமாயிற்று. அவர் மகன் அங்கிருந்த தாதியைப் பார்த்து, "எங்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு வேடிக்கையா பார்க்கிறாய்?" என்று வார்டு முழுவதும் கேட்கும்படி இரைந்தார். அப்பெண் ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்லாமல் மருந்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். நாம் வெளியே வரும்போது, மருந்து வண்டியின் அருகே நின்றபடியே ஒரு பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாள். மணி நாலரை. "அம்மா, இது காப்பி நேரமா?" என்று கேட்டோம். "இல்லை ஐயா, இதுதான் மத்தியானச் சாப்பாடு" என்றாள். அந்த மகன் கெட்டவரல்லர். தகப்பன் படும் வலியைப் பொறாமல் கத்தினார். ஆயினும் அவர் கோபம் போய்ச் சேர வேண்டிய விலாசம் வேறு. அந்த வார்டுக்கு இத்தனை பேரே போதுமென்று எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து எழுதினவரின் விலாசம் அது.

தோட்டத்து மக்களுக்கு நாம் ஒன்று கேட்கிறோம். பால் வெட்டுகிறவருக்கு இத்தனை மரமென்று ஒரு கணக்கு உண்டா, இல்லையா? அக்கணக்கை மீறி மரங்களைக் கூட்டினால் என்ன ஆகும்? கை அவசரப்படும், கத்தி ஆழப் பாயும், பட்டை காயப்படும். அந்த மரம் பின்னர்ப் பால் தராது. லாபம் ஒன்றையே கருதும் தோட்டத்துரைக்கும் இந்த உண்மை தெரிந்திருந்தது. மரத்துக்கு உள்ள கணக்கு மனிதனுக்கு வேண்டாமா? ஒரு தாதி இத்தனை நோயாளிகளுக்கு மேல் பார்க்கலாகாது என்று மீற முடியாத ஒரு வரம்பு ஏன் இல்லை?

இது வெறும் இரக்கப் பேச்சன்று. உயிரைப் பற்றிய கணக்கு. அமெரிக்காவில் லிண்டா ஐகன் என்னும் அம்மையாரும் அவர் தோழர்களும் பென்சில்வேனியா மாநிலத்து 168 ஆஸ்பத்திரிகளில் அறுவைச் சிகிச்சை பெற்ற 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவிகிதம் கூடுதலாக இருந்தது என்பது அம்முடிவு. தாதியர் மனம் சோர்ந்து போகும் வாய்ப்பு 23 சதவிகிதமும், வேலையில் வெறுப்புக் கொள்ளும் வாய்ப்பு 15 சதவிகிதமும் கூடின. தாதியின் சோர்வும் நோயாளியின் சாவும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதற்கு இதனினும் வேறு அத்தாட்சி வேண்டுமோ?

இதை உணர்ந்த நாடுகள் சும்மா இருக்கவில்லை. கலிபோர்னியா மாநிலம் 1999-இல் சட்டம் இயற்றி, 2004 முதல் ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிகளே என்று வரம்பு கட்டிற்று. பொது வார்டுகளில் இன்று அவ்வரம்பு ஐந்து. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2015-இல் அவ்வரம்பைச் சட்டமாகவே எழுதி வைத்தது. அதே நாட்டின் குவீன்ஸ்லாந்து மாநிலம் 2016-இல், குறித்த பொது ஆஸ்பத்திரி வார்டுகளில் பகலில் நால்வருக்கு ஒருவர், இரவில் எழுவருக்கு ஒருவர் என்று நிர்ணயித்தது. அவ்விடத்து ஆஸ்பத்திரிகள் இதனால் இடிந்து விழுந்துவிடவில்லை.

நமது நாட்டில் நடந்தது என்ன? 2024 டிசம்பர் 1-ஆம் தேதி அரசாங்க ஊழியர்களுக்குப் புதிய சம்பளத் திட்டம் வந்தது. மகிழ்ச்சி. ஆனால் அதனோடு சேர்ந்தே, முறை வேலை பார்க்கும் தாதியர் வாரத்துக்கு 42 மணி நேரம் உழைத்தது போதாது, 45 மணி நேரம் உழைக்க வேண்டுமென்னும் உத்தரவும் வந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே நாள் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைத்தது நன்று. ஆனால் ஆள் போதவில்லை என்று ஊரே கதறும் காலத்தில் இப்படியோர் எண்ணம் உதித்ததே, அதைத்தான் நாம் கேட்கிறோம். வாரத்துக்கு மூன்று மணி என்றால் ஆண்டுக்கு 156 மணி. இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள்: 15 தாதியர் 42 மணி நேரம் உழைத்தால் 630 மணி, 14 தாதியர் 45 மணி நேரம் உழைத்தாலும் அதே 630 மணி. பதினைந்தாவது தாதியை நியமிக்காமலே அவள் வேலையை மற்றப் பதினால்வர் தோளில் ஏற்றும் வித்தை இது. சம்பளத்தை ஒரு கையால் கொடுத்து, உறக்கத்தை மறு கையால் பிடுங்குவது எந்த ஊர்த் தர்மம்?

"தாதித் தொழில் தொண்டல்லவா? தொண்டுக்கு மணிக்கணக்கு உண்டா?" என்று சிலர் கேட்பார்கள். தொண்டுதான், மறுப்பாரில்லை. ஆனால் அப்பேச்சு எங்கிருந்து வந்ததென்று பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 1885 ஆகஸ்டு 1-ஆம் தேதி பொது ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பேணும் பணியைத் தொடங்கியவர்கள் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள். அந்நாளே இன்றும் அங்கே தாதியர் தினம். அவர்கள் துறவிகள், பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணமில்லை, வீட்டுக்கு வாடகையில்லை, மாமியார் மருந்துச் செலவில்லை. இன்றைய தாதிக்கு இவை அத்தனையும் உண்டு. துறவிக்குத் தைத்த சட்டையைக் குடும்பஸ்திரீக்கு மாட்டிவிட்டு, அது பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால் கோபிப்பது என்ன நியாயம்?

விளக்கேந்திய மாது என்று புளோரன்ஸ் நைட்டிங்கேலின் படத்தை மாட்டுகிறார்கள். 1854-இல் 38 பெண்களுடன் போர்க்கள ஆஸ்பத்திரிக்குச் சென்ற அவர், விளக்கை மட்டும் ஏந்தவில்லை, கணக்கையும் ஏந்தினார். சிப்பாய்கள் போர்க் காயத்தால் மடிந்ததைவிட, தடுக்கக்கூடிய நோய்களால் மடிந்ததே அதிகமென்று எண்களால் நிரூபித்து அதிகாரிகளைத் தலைகுனிய வைத்தார். இங்கிலாந்தின் புள்ளியியல் சங்கம் தன் முதற் பெண் உறுப்பினராக அவரைத் தேர்ந்தெடுத்தது. அவருடைய விளக்கைத் தொழுகிறவர்கள் அவருடைய கணக்கை மறைப்பது ஏனோ?

நிற்க. தாதியர் சோர்ந்தால் என்ன செய்வார்கள்? சத்தமின்றிப் போய்விடுவார்கள். 2021-இன் முதல் ஆறு மாதங்களில் மட்டும் சிங்கப்பூரில் சுமார் 1,500 சுகாதார ஊழியர்கள் விலகியதாக அந்நாட்டுச் சர்க்காரே நாடாளுமன்றத்தில் சொல்லிற்று. தொற்றுக்கு முன்னர் ஓராண்டு முழுவதற்குமே சுமார் 2,000 பேர்தாம் விலகினர். அந்நாடு விழித்துக்கொண்டது. பொதுச் சுகாதாரத் துறைத் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 1 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை வழங்கும் திட்டத்தை 2024-இல் அறிவித்தது. அதற்கு வைத்த பெயரும் 'ஏஞ்சல்', அதாவது தேவதைதான்! பெயரில் எமக்குச் சண்டை உண்டு; ஆயினும் பெயரோடு பணமும் வந்ததே, அதைப் பாராட்டுகிறோம். அப்பணம் மட்டும் வார்டில் ஆளைக் கூட்டிவிடாது என்பதையும் சொல்லி வைக்கிறோம். பாலத்துக்கு இப்பாலிருந்து பயிற்சி பெற்ற எம் பெண்கள் அப்பால் போவதில் வியப்பென்ன? போகிறவளை நாட்டுப்பற்று இல்லாதவள் என்று தூற்றுகிறவர், அவள் இங்கே இருந்தபோது என்ன கொடுத்தார் என்று சொல்லட்டும்.

பிரிட்டனில் 1916-இல் தோன்றிய தாதியர் கழகம் 106 ஆண்டுகளாகச் செய்யாத ஒன்றை 2022 டிசம்பரில் செய்தது. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் ஒருசேரத் தாதியர் வேலை நிறுத்தம் செய்து வீதியில் நின்றார்கள். பொறுமைக்குப் பேர்போன ஒரு கூட்டம் வீதிக்கு வந்தால், குற்றம் அவர்கள் பொறுமையிலா, அதைச் சோதித்தவர்களிடத்திலா?

நமது நாட்டில் 2021 ஜூலை 26-இல் ஒப்பந்த டாக்டர்கள் ஆஸ்பத்திரிகளை விட்டு வெளிநடப்புச் செய்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. அதே மாதத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரிகள் கொரோனா நோயாளிகளால் நிரம்பி வழிந்தன. அங்கே இரவு பகலாய் நின்ற தாதியரிலும் ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டவர்கள் இருந்தார்கள். ஒப்பந்தம் என்னும் சொல்லின் கசப்பைத் தமிழருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பது 1910-இல் நிறுத்தப்படும் வரையில் நம் பாட்டன்மார் அதைச் சுவைத்தவர்கள். அதுவும் இதுவும் ஒன்றென்று நாம் கூறவில்லை. ஆனால் நாளை வேலை உண்டோ இல்லையோ என்று அஞ்சுகிறவள் இன்று மேலதிகாரியின் தவற்றைச் சுட்டிக் காட்டுவாளா? அஞ்சுகிறவளின் வார்டில் நோயாளிக்குத்தான் பாதுகாப்பு உண்டா?

சர்க்காரை மட்டும் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. நம் வீட்டையும் பார்க்க வேண்டும். மகள் தாதியாக வேண்டுமென்று பெருமையோடு படிக்க வைப்போம், மருமகளாய் வருகிறவள் தாதி என்றால், "இராத்திரி வேலையா?" என்று முகம் சுளிப்போம். இரவெல்லாம் நின்றுவிட்டுக் காலையில் வீடு திரும்பினவள் அடுப்பையும் பற்ற வைக்க வேண்டுமென்போம். பகலில் தூங்கினால் சோம்பேறி என்போம். நோயாளியைப் பார்க்கப் பத்துப் பேர் கூட்டமாய்ப் போய்ப் படுக்கையைச் சூழ்ந்துகொண்டு, ஒதுங்கச் சொல்லும் தாதியைத் திமிர் பிடித்தவள் என்போம். தாதி என்னும் சொல்லுக்குப் பணிப்பெண் என்ற பொருளும் பழைய வழக்கில் உண்டு. சொல் மாறாவிட்டாலும் பொருள் மாறிவிட்டது. நம் மனம் மட்டும் மாறவில்லை.

ஆகவே நாம் கேட்பது இவைதாம். ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிகளே என்னும் வரம்பு சட்டமாக வேண்டும்; ஆள் குறைந்தால் படுக்கையைக் குறைக்க வேண்டுமேயன்றி ஓய்வைக் குறைக்கலாகாது. வேலை நேரத்தைக் கூட்டும் எண்ணத்தை அடியோடு கைவிட வேண்டும். பயிற்சி முடித்துத் தேறியவர்களுக்கு நிரந்தர வேலை வேண்டும். இரவு வேலை பார்க்கும் தாய்மாருக்கு ஆஸ்பத்திரியின் அருகிலேயே பிள்ளைக் காப்பகம் வேண்டும். வார்டில் தாதியைத் திட்டுகிறவரையும் கை நீட்டுகிறவரையும் தட்டிக்கேட்க நிர்வாகம் முன்வர வேண்டும். இவற்றில் ஒன்றுகூடச் சலுகையன்று.

தோட்டத்தாரே, பட்டணத்தாரே! தனியார் ஆஸ்பத்திரிக்குக் கட்டணம் கட்டக் கூடியவர் நம்மில் எத்தனை பேர்? நமக்கு நோய் வந்தால் சர்க்கார் ஆஸ்பத்திரியே கதி. நம் தகப்பன் மூச்சுத் திணறும் நள்ளிரவில், அவர் அழைப்பு மணியை அழுத்தும்போது ஓடி வரப் போகிறவள் இந்தப் பெண்தான். அவள் தூங்கி எழுந்தவளாய், சாப்பிட்டவளாய், வேறு இருபது பேர் ஒரே சமயத்தில் அழைக்காத நிலையில் இருந்தால் உடனே வருவாள். இல்லையேல் தாமதமாய் வருவாள். அத்தாமதத்தின் விலையைக் கொடுக்கப் போகிறவர்கள் நாம். அடுத்த மே மாதத்தில் பூச்செண்டோடு எவரேனும் மேடையேறினால், "ஐயா, ஒரு தாதிக்கு எத்தனை நோயாளி?" என்று எழுந்து நின்று கேளுங்கள். விடை வரும் வரையில் உட்காராதீர்கள்.